நல்ல பக்கம் மேலே

1.

2023 பிப்ரவரி 9 அன்று, ஓர் ஆய்வு நிலையத்தின் பூச்சிச் சேகரிப்பு அறையில், வடக்குச் சுவரோரம் நிற்கும் எஃகு அலமாரியின் ஐந்தாவது இழுப்பறையில் ஒரு குளவி இருந்தது. அது செத்துப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கதை அங்கேதான் தொடங்கியது என்று எழுதினால் கம்பீரமாக இருக்கும். உண்மையில் தொலைபேசியில் தொடங்கியது. ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் காலியாகக் கிடந்தது. "அறிவியல் மாதிரி ஏதாவது கொடுங்க. படம் பெருசா இருக்கட்டும், விஷயம் சின்னதா இருக்கட்டும்" என்றார் உதவி ஆசிரியர். இப்படித்தான் ஒட்டுண்ணிக் குளவிகளின் ஒரு பேரினமும், அது உலகில் பரவியிருக்கும் விதமும், அது யாரைத் தின்று வாழ்கிறது என்ற விவரமும் என் தலையில் வந்து விழுந்தன. கடைசி நேரத்தில் மெத்தை விளம்பரம் ஒன்று வந்துவிட்டதால் கட்டுரை அச்சாகவில்லை. மெத்தை நன்றாக விற்றதாகக் கேள்வி. எனக்கு மிஞ்சியது இந்தக் கதை.

பேரினத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பூச்சியைவிடப் பெயர் நீளம்.

2.

ஒட்டுண்ணிக் குளவி பற்றித் தெரியாதவர்களுக்காக: தாய்க் குளவி ஒரு புழுவைத் தேடிப் பிடித்து அதன் உடலுக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவை உள்ளிருந்தே தின்னும். முக்கியமான உறுப்புகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். சாப்பாடு கெட்டுப்போகக் கூடாதல்லவா. தின்று முடித்ததும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, பக்கத்திலேயே வெள்ளைப் பட்டுக்கூடு கட்டும். சில நாளில் கூட்டிலிருந்து குளவி வரும். புழு எங்கிருந்தும் வராது.

தின்னப்படும் பிராணிக்கு நம் பாடநூல்கள் வைத்திருக்கும் பெயர் 'விருந்தோம்பி'. உயிரோடு குடையப்படுவதை விருந்தோம்பல் என்று அழைக்க ஒரு தனிப்பட்ட நாகரிகம் வேண்டும். நமக்கு அது இருக்கிறது.

இத்துடன் முடிந்திருந்தால் அரைப் பக்கம் போதும். ஆனால் இன்னொரு வகைக் குளவி உண்டு. அது புழுவைத் திரும்பியும் பார்க்காது. புழுவைத் தின்ற குளவி கட்டிய கூட்டைத் தேடிப்போய், அதற்குள் தன் முட்டையை வைக்கும். தின்றவனைத் தின்பது அதன் தொழில். தோட்டக்காரருக்கு முதல் வகை நண்பன்; இரண்டாம் வகை, நண்பனைத் தீர்த்துக்கட்டுபவன். இரண்டும் கறுப்பு. இரண்டும் எள்ளளவு.

(இந்தப் பத்தியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் ஆசை.)

3.

சேகரிப்பு அறையைக் கவனித்துக்கொள்பவளை நான் முதலில் சந்தித்தபோது அவள் மேசைக்கு எதிரே ஓர் உலக வரைபடம் தொங்கியது. அதில் சிவப்புப் புள்ளிகள்.

"இதெல்லாம் இந்தக் குளவி இருக்கிற இடங்களா?"

"குளவி ஆராய்ச்சிக்காரங்க இருக்கிற இடங்கள்" என்றாள் அவள்.

உற்றுப் பார்த்தேன். இந்தப் பேரினம் பல்கலைக்கழக வளாகங்களையும், தார்ச்சாலை ஓரங்களையும், காலைச் சாப்பாடு தரும் விடுதிகளின் பின்புறத்தையும் விரும்பி வாழ்கிறது. நடந்துபோக வேண்டிய காடுகளில் அநேகமாக இல்லை. ஒரு புள்ளி மட்டும் நடுக்கடலில் இருந்தது.

"இது?"

"ஒருத்தர் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாத்திப் போட்டுட்டார். அதைப் பார்த்து மத்தவங்களும் போட்டுட்டாங்க. பாவம், முப்பது வருஷமா நீந்திக்கிட்டிருக்கு."

எது எதைத் தின்கிறது என்ற செய்தியும் இப்படித்தான் பரவுமாம். ஒருவர் கண்ணால் பார்ப்பார். மற்றவர்கள் அவர் பார்த்ததைப் பார்ப்பார்கள். பிறகு அது எல்லோரும் பார்த்தது ஆகிவிடும். பத்திரிகைத் தொழிலில் இப்படியெல்லாம் நடப்பதே இல்லை என்று நான் சொன்னேன். அவள் மரியாதைக்காகச் சிரித்தாள்.

4.

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: *அக்கா என்னும் ஆலமரத்தின் நிழலில் ஒரு சின்னஞ்சிறு செடியாக அவள்—*

வரைவை அவளுக்கு அனுப்பியிருந்தேன். அனுப்பியிருக்கக் கூடாது. "செடியா? நான் எழுபத்தெட்டுக் கிலோ" என்று பதில் வந்தது.

இரண்டாவது: *வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்தபடி அவள்—*

சேகரிப்பு அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சம் பட்டால் பூச்சிகளின் நிறம் வெளுத்துவிடும்.

மூன்றாவது தொடக்கத்தில் இலக்கியம் இல்லை, அதனால் தப்பித்தது. ஒரு வளாகம், இரண்டு கட்டடங்கள், இரண்டு சகோதரிகள். அக்கா, குளவிகளை வளர்த்துத் தோட்டங்களில் விடும் பிரிவின் தலைவி. தங்கை, ஊசியில் குத்திய பூச்சிகளின் காப்பாளர். "உயிரோட இருக்கிறது எனக்கு, செத்தது உனக்கு" என்று தங்கை வேலையில் சேர்ந்த காலத்திலேயே அக்கா பாகம் பிரித்துவிட்டாள். நேரில் நான் இருவரையும் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டார்கள். எழுதுகிறவனுக்கு மரியாதை போதாது.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அக்கா ஓர் எலுமிச்சைத் தோட்டத்தில், இலையையெல்லாம் மொட்டையடிக்கும் பச்சைப்புழு ஒன்று செத்துச் சுருங்கிக் கிடப்பதைக் கண்டாள். ஒட்டினாற்போல ஒரு வெள்ளைக் கூடு. கொண்டுவந்து வைத்தாள். கூட்டிலிருந்து ஒரு குளவி வந்தது. உலகில் யாரும் பார்த்திராத இனம். பெயர் சூட்டிய நிபுணர், அக்காவின் பெயரையே லத்தீனில் கொஞ்சம் முறுக்கி அதற்கு வைத்தார். விருந்தோம்பி: எலுமிச்சைப் பச்சைப்புழு.

அந்த ஒரு வரியை நம்பி ஒரு திட்டம் வந்தது. திட்டத்துக்குக் கட்டடம் வந்தது. இரண்டு ஆண்டுகளாக அக்கா தன் பெயர் கொண்ட குளவியைப் பெட்டி பெட்டியாகத் தோட்டங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். பிப்ரவரி 13, திங்கட்கிழமை, மூன்றாவது பெரிய விடுவிப்பு. மேடை, மைக், பேனர் எல்லாம் உண்டு. அந்த ஆண்டோடு அக்காவுக்குப் பணி ஓய்வு.

5.

கெடுத்தது பேனர்தான்.

"பேனருக்கு நம்ம குளவியோட படம் பெருசா வேணும்டி. அசல் குளவியையே எடு. கூட்டையும் சேர்த்து எடு" என்று அக்கா போன் செய்தாள்.

தங்கை இழுப்பறையைத் திறந்தாள். ஊசியில் இரண்டு சின்ன அட்டைகள்: மேல் அட்டையில் குளவி, கீழ் அட்டையில் அது பிறந்த கூடு. கூட்டைச் சுற்றிப் பசை, பழைய தேன் மாதிரி மஞ்சளாகிப் பூத்திருந்தது.

"எந்த மடையன் இவ்வளவு பசை வச்சான்?" என்றாள், அறையில் யாருமில்லை என்றாலும் சத்தமாக.

பேனரில் ஆறடி உயரத்துக்குப் பசை தெரியுமே என்று, தூரிகையால் ஈரம் தொட்டு ஊறவைத்தாள். பசை இளகியது. கூடு அட்டையிலிருந்து கழன்று, பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாகப் புரண்டு படுத்தது.

அடிப்பக்கத்தில் ஓர் ஓட்டை.

*அவள் இதயம் ஒரு கணம்—*

இல்லை. அவள் நுண்ணோக்கியைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்தினாள். அவளுக்கு அன்று சளி.

ஓட்டை எல்லாக் கூட்டிலும் இருக்கும், குளவி வெளியே வந்தாக வேண்டுமே. ஆனால் கூட்டைக் கட்டிய குளவி அதன் நுனியை வட்டமாக அறுத்து, டப்பா மூடியைத் திறப்பதுபோலத் திறந்துகொண்டு வரும். இந்தக் கூட்டின் நுனி முழுசாக இருந்தது. ஓட்டை, அட்டையோடு ஒட்டியிருந்த பக்கவாட்டில் இருந்தது, தாறுமாறாகக் கடித்துப் பிய்த்தது.

"சொந்த வீட்டுக்காரன் கதவைத் திறந்துக்கிட்டு வருவான். சுவரை இடிச்சுக்கிட்டு வர்றவன் யாரு?" என்று பிறகு என்னிடம் கேட்டாள்.

அக்காவின் குளவி அந்தக் கூட்டைக் கட்டவில்லை. கட்டியவனை உள்ளேயே தின்றுவிட்டு வந்திருக்கிறது. அது இரண்டாம் வகை.

6.

ஒரே ஒரு கூட்டை வைத்துக்கொண்டு அக்காவின் வாழ்நாள் வேலையைக் கவிழ்க்க முடியாது. தங்கை மறுநாள் காலை, அக்கா கூட்டத்தில் இருந்த நேரமாகப் பார்த்து, வளர்ப்பு அறைக்குப் போனாள். குப்பைத் தொட்டியைக் கேட்டாள்.

வளர்ப்பு அறையின் வழக்கங்களை இங்கே சொல்லிவிட வேண்டும். என் சொந்தக் கற்பனைக்கு இவ்வளவு திறமை கிடையாது.

வழக்கம் ஒன்று. அறையிலேயே முட்டையிலிருந்து வளர்த்த சுத்தமான புழுக்களைக் கொடுத்தால் அக்காவின் குளவி ஒன்றுகூடப் பெருகாது. தோட்டத்திலிருந்து பிடித்துவந்த புழுக்களைக் கொடுத்தால் மட்டுமே பெருகும். ஏன்? தோட்டத்துப் புழுவின் ருசி குளவிக்குப் பிடித்திருக்கிறது. இது பற்றி அக்கா ஒரு கட்டுரையே எழுதினாள், பாராட்டும் வந்தது. (தோட்டத்துப் புழுக்களுக்குள் ஏற்கெனவே முதல் வகைக் குளவி இருந்தது என்பதை வாசகர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார். வாசகருக்கு முனைவர் பட்டம் இல்லை. அது ஒரு வசதி.)

வழக்கம் இரண்டு. கூண்டுகளில் அக்காவின் குளவியோடு, உணர்கொம்பு கொஞ்சம் நீளமான வேறொரு குளவியும் தினமும் வரும். அதற்கு அறையில் வைத்த பெயர் 'கலப்படம்'. காலையில் ஊழியர்கள் கலப்படத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துச் சாராயப் புட்டியில் போட்டுவிடுவார்கள். சுத்தம் என்றால் அக்காவுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

தங்கை குப்பையிலிருந்த காலிக் கூடுகளை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினாள். சிலவற்றில் நுனியில் மூடி. சிலவற்றில் ஓரத்தில் ஓட்டை. பிறகு, குப்பிக்கு ஒன்றாக வைத்திருந்த கூடுகளில் அன்று காலை குளவி வந்தவற்றை, குளவியோடே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள். ஓரத்து ஓட்டையெல்லாம் அக்காவின் குளவி. மூடியெல்லாம் கலப்படம்.

அந்த நேரம் பார்த்து அறைத் தொலைபேசி அடித்தது. ஊழியர் வெளியே போயிருந்ததால் தங்கை எடுத்தாள். மறுமுனையில் ஓர் எலுமிச்சைத் தோட்டக்காரர்.

"மேடம், திங்கட்கிழமை எங்க தோட்டத்துக்கும் பெட்டி உண்டா?"

"உண்டுன்னுதான் நினைக்கிறேன். போன தடவை விட்டது எப்படி இருக்கு?"

"குளவியா? அது ரொம்ப நல்லா இருக்கு மேடம். அது வந்ததிலேர்ந்து புழுவும் ரொம்ப நல்லா இருக்கு. மரம்தான் இல்லை."

"அலுவலகத்துல சொன்னீங்களா?"

"சொன்னேன். குளவி பத்தலைன்னாங்க. இந்தத் தடவை ரெண்டு மடங்கு தர்றாங்களாம்."

7.

இங்கே எனக்கு ஒரு தடை. தங்கையைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. சொன்னால் அக்கா போய்விடுவாள், சொல்லாவிட்டால் மரங்கள் போய்விடும், அவ்வளவுதான் அவள் பாடு. ஆனால் அக்காவை என்ன செய்வது?

கூடு, ஓட்டை கீழே இருக்கும்படி ஒட்டப்பட்டிருந்தது. பார்த்துத்தான் ஒட்டினாளா?

(அ) *அக்காவுக்கு அன்றே தெரியும். யாருக்கும் தெரியாத ஆய்வாளர், புது இனம், தன் பெயர். ஓட்டையைப் பார்த்தாள், பசையை எடுத்தாள், கதவைச் சாத்தினாள்.*

(ஆ) *அக்கா அப்பாவி. கூடு தற்செயலாக அப்படி விழுந்தது.*

(அ) நன்றாக விற்கும். (ஆ) உண்மையாக இருக்கலாம், அதனால் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டையும் தங்கைக்கு அனுப்பினேன்.

"அக்காவைக் குளவியாக்கப்போறீங்க, அதானே? ஒரு குடும்பத்துக்குள்ள முட்டை வைக்கிறது, உள்ளேருந்து தின்கிறது, அந்த மாதிரி எல்லாம்?" என்று போனில் கேட்டாள்.

"அப்படி ஒரு எண்ணம் இருந்தது."

"எங்க குடும்பத்துக்குள்ள வந்து உட்கார்ந்து, எங்க கதையைத் தின்னு, புஸ்தகமா வெளியே வரப்போறது யாருங்க?"

இதற்கு நான் சொன்ன பதிலை அடிக்குறிப்பில் காண்க.*

8.

சனிக்கிழமை மதியம் தங்கை அக்கா வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேசையில் அக்காவும் அத்தானும். தங்கை ஒரு சின்ன டப்பாவையும் கைலென்ஸையும் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன அது, சாப்பிடுற இடத்துல?" என்றார் அத்தான்.

"உங்க மச்சினி வெறுங்கையோட வந்திருக்காளா என்னைக்காவது? ஏதாவது பிரேதமா இருக்கும்" என்றாள் அக்கா.

"கையைக் கழுவிட்டு இதைப் பாருக்கா."

"சாப்பிட்டுப் பார்க்கிறேன்."

"இப்பவே பாரு."

அக்கா பார்த்தாள். அத்தான் இரண்டு முறை பரிமாறிக்கொள்ளும் அளவுக்கு நேரம் பார்த்தாள்.

"யாராவது எடுக்கும்போது உடைஞ்சிருக்கும்."

"உடைஞ்சா நூல் உள்ளே மடங்கும். இது உள்ளேருந்து கடிச்சு வெளியே தள்ளியிருக்கு." தங்கை மூச்சுவிடாமல் சொன்னாள். "உன் அறைக் குப்பையையும் பார்த்தேன். நம்ம குளவி வந்த கூடெல்லாம் இதே மாதிரிதான். கலப்படம்னு சாராயத்துல போடுறீங்களே, அதுதான் மூடியைத் திறந்துக்கிட்டு வருது."

அக்கா லென்ஸைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் புரியுற மாதிரி யாராவது சொல்லுங்களேன்" என்றார் அத்தான்.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் அக்கா. "ரெண்டு வருஷமா நான் போலீஸையெல்லாம் பிடிச்சுக் கொன்னுட்டு, போலீஸைக் கொல்றவனை வண்டி வச்சுத் தோட்டம் தோட்டமா இறக்கிக்கிட்டிருக்கேன். திருடன் ரொம்ப சௌகரியமா இருக்கான். திங்கட்கிழமை அதுக்கு மைக் வேற."

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் மட்டும் சிரிக்கலாமா என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தங்கை இரண்டு நாளாக வாயில் வைத்திருந்த கேள்வியை அப்போதுதான் துப்பினாள். "ஓட்டை அடியில போற மாதிரி ஏன்க்கா ஒட்டினே?"

"யாரு?"

"நீதான்."

"நானா? இவ்வளவு பசையா?" அக்காவின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "என் கையால ஒட்டின அட்டையை நீ பார்த்ததே இல்லையாடி? அந்த மாசம் என் வலது கை மாவுக்கட்டுல இருந்தது. நீ அப்போதான் படிப்பை முடிச்சுட்டு என் அறையில வந்து உட்கார்ந்திருந்தே. நீதான் ஒட்டினே. அதான் உன் முதல் அட்டை."

தங்கை டப்பாவுக்குள் இருந்த அட்டையைப் பார்த்தாள். பசையைப் பார்த்தாள். எந்த மடையன் என்பது தெரிந்துவிட்டது.

"நான் ஏன் அப்படித் திருப்பி ஒட்டப்போறேன்?"

"நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கிழிஞ்ச பக்கம் அடியில, நல்ல பக்கம் மேலே. இன்னைக்கும் சேர்றவங்ககிட்ட அதைத்தானே நீயும் சொல்றே."

ஆமாம், அதைத்தான் சொல்கிறாள். எல்லாச் சேகரிப்பு அறைகளிலும் அதைத்தான் சொல்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அழகாக இருக்க வேண்டும்.

"அப்போ அந்த ஓட்டையை நீ பார்த்தியாக்கா?"

"நீ பார்த்தியா?"

இரண்டு பேரும் நினைவைத் தோண்டினார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்ததை வெளியே எடுக்கவில்லை.

"பேனருக்குப் படம் எடுத்துட்டியா?" என்று அக்கா கேட்டாள், சோற்றைப் பிசைந்தபடி.

"எடுத்தேன்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"சாப்பிடு, ஆறுது."

9.

இந்த இடத்தில் கதையை நிறுத்த என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றில் அக்கா திங்கட்கிழமை மேடையேறி மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்ல, தோட்டக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். (தோட்டத்தை இழந்தவர்கள் எதற்குக் கைதட்ட வேண்டும் என்று தங்கை கேட்டாள். நீக்கிவிட்டேன்.) இரண்டாவதில் தங்கை கூட்டை மறுபடி, நல்ல பக்கம் மேலே வருமாறு, நிறையப் பசை வைத்து ஒட்டிவிடுகிறாள். மூன்றாவதில் அத்தான்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அதை எப்படி என்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

ஓட்டையை முதலில் யார் பார்த்தார்கள், பார்த்தும் யார் பேசாமல் இருந்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அக்காவிடம் கேட்டேன், தங்கையைக் கேட்கச் சொன்னாள். தங்கையிடம் கேட்டேன், போனை வைத்துவிட்டாள். வாசகர் தனக்குப் பிடித்த பக்கத்தை மேலே வைத்து ஒட்டிக்கொள்ளலாம். பசை குறைவாக இருப்பது நல்லது. பின்னால் யாராவது திருப்பிப் பார்க்க வேண்டிவரும்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வளர்ப்பு அறையைத் தன் சாவியால் திறந்து, எல்லாப் பெட்டிகளையும் உறைகுளிர்ப் பெட்டிக்குள் வைத்தாள். தங்கை எடுத்துக் கொடுத்தாள். பிறகு அக்கா தோட்டக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தாள். மரங்களை இழந்த அந்தத் தோட்டக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ நீங்க சாராயத்துல போட்டீங்களே, அதை அனுப்புவீங்களா மேடம்?" என்றார். திங்கட்கிழமை வண்டி வந்து காலியாகத் திரும்பியது. மைக் செட்டுக்காரர் மைக்கைக் கழற்றிக்கொண்டு போனார்.

இப்போது வளர்ப்பு அறையில் நீளக் கொம்புக் குளவியை வளர்க்கிறார்கள். அக்காவின் பெயர் கொண்ட குளவி கூண்டில் தென்பட்டால் உறிஞ்சிச் சாராயத்தில் போடுகிறார்கள். பெயரிடல் விதிகளின்படி அதன் பெயரை மாற்ற முடியாது. அக்கா அந்த ஆண்டு ஓய்வு பெற்றாள்.

அதற்கு முன், அக்காவும் தங்கையும் சேர்ந்து விருந்தோம்பி பற்றிய திருத்தத்தை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். எழுதியவர் யார், மதிப்பிடுபவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாதபடிதான் அந்த இதழ் கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு அனுப்பும். சென்ற வாரம் பதில் வந்தது. கட்டுரை ஏற்கப்படவில்லை. இந்தக் குளவி பற்றித் தெளிவு பெற, இதே இனம் குறித்து அக்கா முன்பு எழுதிய ஆய்வுகளைக் கவனமாகப் படிக்குமாறு கட்டுரையாளர்களுக்கு மதிப்பீட்டாளர் பரிந்துரைத்திருந்தார்.

———
* அடிக்குறிப்பு நீக்கப்பட்டது.